இரண்டு ஓம்

பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டு
உட்காரவைத்திருந்தாள் அதை.
பன்னிரண்டு அங்குல சப்வூஃபர்.
கறுப்புக் கம்பளம் ஒட்டிய பெட்டி,
ஒரு மூலையில் நாய் கடித்த தடம்.

"கோர்ட்டில் இது எனக்கு வந்தது" என்றாள்
டெல்ஃபீனா அரிஸ்பே.
"ஆம்ப்ளிஃபயர் அவனுக்கு.
நாய் அவன் அம்மாவுக்கு."

கார்பஸ் கிறிஸ்டியில் ஆகஸ்ட் மாதம்.
வளைகுடாவின் உப்புக் காற்று
என் கடை ஷட்டரை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருக்கிறது.
எண்ணெய் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
நேராக வந்திருக்கிறாள்.
காதடைப்பான் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.
பன்னிரண்டு மணி நேர இரைச்சலுக்குப் பிறகும்
இதுவா என்று நான் கேட்கவில்லை.
"அது சத்தம். இது வேற" என்றாள், கேட்காமலே.

மல்ட்டிமீட்டர் முனைகளை வைத்தேன்.
ஒரு சுருளில் மூன்று புள்ளி ஆறு,
மறு சுருளிலும் அதே.
ஒரே கூம்பின் அடியில் இரண்டு செப்புச் சுருள்கள்.
பக்கத்தில் பக்கம் இணைத்தால் இரண்டு ஓம்,
ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் எட்டு.
ஓம், ஓம் என்று
தலையாட்டுவதுபோல் ஒலிக்கிற சொல்;
அளப்பதென்னவோ
எவ்வளவு மறுக்கிறது என்பதை.

அட்டையில் பொன்னெழுத்து:
ஆயிரத்து எண்ணூறு வாட்.
அதை விடுங்கள் என்றேன்.
அது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பட்டம்.
அன்றாடம் சோறு தின்கிற எண்
பின்னால், காந்தத்தின்மேல், பொடியெழுத்தில் இருக்கும்.
அறுநூறு.

இரண்டு ஓமில் அறுநூறு வாட்.
அப்படி ஒன்று என் அலமாரியிலேயே இருந்தது.
மூன்று வாரம் முன்பு ஒருவன் விற்றுப் போனது.
ஒரு ஓம் ஸ்பீக்கரோடு அதைக் கட்டிவைத்திருக்கிறான்.
சிக்னலுக்குச் சிக்னல் கொதித்து,
சிவப்பு விளக்கு எரிந்து, வாயடைத்துக்கொண்டதாம்.
கெட்டுப்போச்சு என்றான்.
கெடவில்லை. தாங்காத சுமை, அவ்வளவுதான்.
நான் பெயர்கூடக் கேட்கவில்லை.
எண்பது டாலர் கொடுத்தேன்.

எடுத்து மேசையில் வைத்ததும்
குனிந்து அதன் விலாவைப் பார்த்தாள்.
ஸ்பீக்கர் முனையருகே ஊதா நகப்பூச்சு, ஒரு பொட்டு.
"பிளஸ் எதுன்னு அவனுக்கு மறந்துபோகும்.
நான் வைத்தது."

பக்கத்து டயர் கடையில்
யாரோ ரொம்ப நேரமாய்க் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"பொருந்துமா?"
ஜாடிக்கேற்ற மூடி என்று சொல்ல வந்து,
"பொருந்தும்" என்று நிறுத்தினேன்.
"பொருந்தும்னு எனக்கும் தெரியும்.
வேற காட்டுங்க."

வேறு என்றால் முன்னூறுதான் இருந்தது.
பாதி.
"சின்னது இதை எரிச்சிடுமா?"
சின்னது எரிக்காது. சின்னதைக் கத்தவைத்தால் எரியும்.
எல்லை தாண்டி அலறும்போது
அலையின் தலை வெட்டுப்பட்டு மொட்டையாகும்,
அந்தச் சூட்டில் சுருள் கருகும்.
கருகிய வாசனையோடு என்னிடம் வருகிறவர்கள்
எல்லோரும் சொல்வது ஒரே பொய்:
சத்தமே வைக்கலைங்க.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டோம்.
நாற்பது ஹெர்ட்ஸ், ஒற்றைச் சுருதி,
யார் காதிலும் விழாமல்
ஆம்ப்ளிஃபயரில் ஓடிக்கொண்டிருந்தது.
ஸ்க்ரூடிரைவரை அவளிடமே கொடுத்தேன்.
மீட்டர் இருபத்து நாலரை வோல்ட் காட்டும்வரை திருப்பலாம்.
இருபத்திரண்டில் நிறுத்தினாள்.
"இன்னும் இடமிருக்கு."
"இருக்கட்டும்."

ஒயரை மாட்டினோம்.
ஏதோ அக்கார்டியன் பாட்டு. அதன் அடியில்
தடித்த கித்தாரின் நடை.
கப் ஹோல்டரில் சில்லறை நடுங்கியது.
உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள்,
நாய் கடித்த மூலையில்,
ஒரு பாட்டு முடியும்வரை.

தெரு திரும்பும் மட்டும்
நம்பர் பிளேட் கடகடத்துக்கொண்டே போனது.
ஒரு துண்டு நுரை ஒட்டி அனுப்பியிருக்கலாம்.
எத்தனை காசு அது?

உள்ளே வந்து,
ஊதாப் பொட்டுக்குப் பக்கத்தில்
நூற்றிருபது என்று எழுதி ஒட்டினேன்.