ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி

என் வேலை கணக்கு எழுதுவது.
உர்க் துறைமுகச் சபையில் இருபத்தாறு வருடமாக மூப்பன்.
கறுப்பு அட்டை நோட்டு, கூராய்ச் சீவிய பென்சில்.
சனி நள்ளிரவு தாண்டிப் பதினோரு நிமிடம் கழித்துக்
கரை சேர்ந்த படகு, அதன் எண்.
ஓய்வுநாளில் சைக்கிள் மிதித்த பையன், அவன் அப்பன் பெயர்.
திரைச்சீலைக்குப் பின்னால் நீலமாய்த் துடித்த வெளிச்சம்,
எந்த வீடு, எத்தனை மணி.

யாரையும் வெறுத்து எழுதியதில்லை.
வேலிக்குப் பலகை அடிக்கிறவன்
ஆட்டையா வெறுக்கிறான்?

ஹில்ட்யே என் மனைவி.
சனிக்கிழமையே உருளைக்கிழங்கைத் தோல் சீவித்
தண்ணீரில் போட்டுவிடுவாள்.
ஞாயிறன்று ஊசியில் நூல் கோக்க மாட்டாள்.
பிரசங்கம் மூன்றாம் தலைப்புக்குத் திரும்பும்போது
கைப்பையின் கொக்கி மெல்லத் திறக்கும்,
பெப்பர்மிண்ட், எனக்கொன்று அவளுக்கொன்று.
வருடத்துக்கு நாலு முறை
திருவிருந்து மேஜையின் வெள்ளைத் துணியை
அவள்தான் துவைப்பாள், கஞ்சி போடுவாள், தேய்ப்பாள்.
நாற்பத்தொரு வருடம்.
ஒருமுறைகூட அந்த மேஜையில் உட்கார்ந்ததில்லை.

எங்கள் ஊரில் இது அதிசயமில்லை.
பாதிக்கு மேல் பேர் பெஞ்சை விட்டு எழுவதே இல்லை.
தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்று
எந்த வாயால் சொல்வது?
"எனக்கு மடிப்புக் கலையாமல் விரிக்கத் தெரியும்,
அது போதும்" என்பாள்.
நான் மறுத்துப் பேசியதில்லை.

நவம்பர். சனி இரவு, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு
யாரோ தோளால் கதவை இடித்தார்கள்.
மீன் ஆலையில் வேலை பார்க்கும் போலந்துக்காரன், வித்தோல்டு.
விடுதிச் சமையலறையில் தனக்கென்று மீன் அரிந்திருக்கிறான்.
கத்தி உள்ளங்கையைத் திறந்துவிட்டிருந்தது.
கழுத்தில் மாதா மெடல்.
நான் முதலில் பார்த்தது அதை.
அவள் பார்த்தது கையை.

எட்டிய தூரத்தில் இருந்தது ஒரே துணி,
காலையில் கோயிலுக்குப் போக வேண்டியது,
இஸ்திரிச் சூடு இன்னும் ஆறாதது.
"ஹில்ட்யே, அது..." என்றேன்.
அதற்குள் மூன்று சுற்று சுற்றியிருந்தாள்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
அவன் கையைத் தன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.
அவன் தன் மொழியில் முணுமுணுத்து ஜெபித்தான்.
ஒரு சொல்லும் புரியாமல்
"ஆமாம் ஆமாம்" என்றுகொண்டிருந்தாள்.
வந்தவர்கள் வேறு கட்டுப் போட்டார்கள்.
துணி வாசற்படியில் கிடந்தது.

விடிந்து மணி அடித்தபோது
சங்கீதப் புத்தகங்களோடு தெரு நிறையக் கறுப்பு உடை.
எங்கள் கொடியில் எட்டு முழ வெள்ளை,
சொட்டச் சொட்ட.
கண்ணை மூடிக்கொண்டு போகிறவனுக்கும் கேட்டிருக்கும்,
காற்று அப்படி அடித்தது.

"நாளைக்குத் துவைத்தால் ஆகாதா?"
"ரத்தம் காய்ந்தால் போகாது."
சொல்லிவிட்டு அடுத்த கிளிப்பை மாட்டினாள்.

கோயிலில் மேஜை வெறும் ஓக் பலகையாய் நின்றது.
அதன் நடுவே ஒரு பழைய விரிசல்,
இத்தனை வருடம் நான் பார்த்திராதது.
போதகர் அழைத்தார்.
வழக்கம்போல் பெஞ்சுகள் அசையவில்லை.
பிறகு ஒன்று கிறீச்சிட்டது.

சோப்பு வாசனை.
தண்ணீரில் ஊறிச் சிவந்து சுருங்கிய விரல்கள்.
ஓரத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்,
கால் வலித்தவள் பஸ் நிறுத்தத்தில் உட்காருவதைப் போல.

அப்பத்தட்டு என் கையில்.
கோட்டுப் பையில் நோட்டு.
காலையில் அதில் தேதி எழுதியிருந்தேன்,
'துணி உலர்த்தியது' என்று எழுதியிருந்தேன்,
எங்கள் வீட்டு எண்ணையும் எழுதியிருந்தேன்.
பெயருக்கான இடத்தில் பென்சில் முனை ஒடிந்தது,
அல்லது நான் அழுத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள்.
காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
எடுத்தாள். மென்றாள்.
பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

இருபத்தாறு வருடமாக நான் உட்காரும் நாற்காலிதான்.
முழங்கால் மடங்கவில்லை.