நூறு நாள் தினை

லியாவ் ஆற்றங்கரையில்
ஆளுக்கு நூறு நாள் தினை அளந்தார்கள்.
அளந்தவன் முகம் நினைவில்லை.
படியின் விளிம்பில் ஒரு நெளிவு,
அது நினைவிருக்கிறது.
தினை, கவசம், குறுக்குவில், கூடாரத் துணி, இரண்டு ஈட்டி.
கழுதை மேல் இவ்வளவு ஏற்றினால் படுத்துக்கொள்ளும்.
நாங்கள் நடந்தோம்.

ஒரு பிடி கொட்டினால் ஒரு தலை என்று முரசறைந்தார்கள்.
ஆணை பேரரசருடையது.
அவரை நான் பார்த்ததில்லை.
அவருடைய மாளிகையைப் பார்த்திருக்கிறேன்,
சக்கரம் வைத்தது,
சேற்றில் சிக்கியபோது நானும் தள்ளினேன்.
அவருடைய வரைபடத்தில்
கிழக்கே ஒரு விரல் அகலம்
இன்னொருவன் பெயரில் மிச்சமிருந்ததாம்.
அதற்குத்தான் இத்தனை கால்கள்.

இரவில் கூடாரத்துக்குள் குழி தோண்டினோம்.
பத்துப் பேர், சோற்றுக் கிண்ணங்களால், பேச்சில்லாமல்.
மெங் சூ மட்டும் முணுமுணுத்தான்:
"ஆழம் வேண்டாம், இரண்டு விரல் போதும்."
பட்டாளத்துக்கு வருமுன் அவன் உழவன்.
தன் பங்கை ஒரே குழியில் கொட்டாமல்
மூலை முழுக்கத் தூவி மூடினான்.
பாயை விரித்து
எங்கள் பசியின் மேலேயே படுத்துத் தூங்கினோம்.
காலையில் தோள்கள் லேசாக இருந்தன.

யாலுவைத் தாண்டிய பின்
ஒரே நாளில் ஏழு சண்டை,
ஏழும் நமக்கே என்றார்கள்.
எதிரி ஓடினான். மறுபடி ஓடினான்.
ஓடியவன் சாப்பிட்டிருந்தான்,
துரத்தியவன் சாப்பிடவில்லை.
இந்தக் கணக்கு
தளபதிகளுக்குப் புரிந்தபோது
தலைநகரின் மதில் கண்ணுக்குத் தெரிந்தது,
குதிரைகளின் விலா எலும்பும்.

சால்சு ஆற்றில்
பாதிப் படை தண்ணீரில் இருக்கும்போது
பின்னாலிருந்து வந்தார்கள்.
அதைச் சொல்லப் போனால்
முன், பின் என்று வரிசை வந்துவிடுகிறது.
அங்கே வரிசை இல்லை.
மெங் சூ கவசத்தோடு இறங்கினான்.
அவன் தலைத்துணி சற்று நேரம்
வழி கேட்பவனைப் போல
அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.
தெம்பிருந்தவர்கள் ஓடினார்கள்.
நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன்.
அங்கேயே பிடிபட்டேன்.

தல்லெ என்ற விதவைக்கு என்னைக் கொடுத்தார்கள்.
அவள் மொழியில் எனக்கு இருபது சொல் தெரியும்,
அதில் பன்னிரண்டு வசவு.
மதில் மேல் நின்ற அவள் கணவனை எங்கள் அம்பு எடுத்தது.
என்னுடையதாகவும் இருக்கலாம்.
அதைப் பேச இருபது சொல் போதாது.

மழை விட்டதும் மேட்டுக்கு விறகு பொறுக்க அனுப்பினாள்.
அங்கே
யாரும் உழாத தரையில்
தினை.
கட்டம் கட்டமாக,
கட்டங்களுக்கு நடுவே நடக்க வழி விட்டு,
முகாம் அப்படியே பச்சையாக எழுந்து நின்றது.
காற்றடித்தால் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தது.
தளபதியின் கூடாரம் இருந்த இடம் மட்டும் மொட்டை.
அவர் சுமக்கவில்லை,
புதைக்கவும் இல்லை.

எங்களுடையது மேற்கிலிருந்து ஏழாவது வரிசை.
எண்ணிக்கொண்டே போனேன்.
குழியில் கொட்டியதெல்லாம் அழுகி, அங்கொன்று இங்கொன்று.
ஒரு மூலையில் மட்டும்
கதிர் தலை தொங்கும் அளவுக்கு அடர்த்தி.

தல்லெ வந்து பார்த்தாள்.
"யாருடையது?" என்றாள்.
"எங்களுடையது" என்பதற்குச் சொல் தெரியவில்லை.
தெரிந்ததைச் சொன்னேன்:
"சாப்பாடு."
அவள் வீட்டுக்குப் போய் இரண்டு அரிவாளோடு திரும்பினாள்.

அடுத்த ஆண்டும் பேரரசர் படை அனுப்பினார்.
அதற்கடுத்த ஆண்டும்.
பிறகு உப்பு விற்பவன் ஒருநாள் சொன்னான்,
தெற்கே, ஒரு படித்துறை நகரத்தில்,
அவருடைய சொந்தக் காவலர்களே கழுத்தை நெரித்தார்களாம்.
எந்த மாதம் என்று கேட்டேன்.
அவனுக்குத் தெரியவில்லை.
உப்புக்கு விலை பேசினோம்.

மேட்டில் இப்போது கட்டங்கள் இல்லை.
விதை சிந்திச் சிந்தி ஒரே வயலாகிவிட்டது.
அன்றும் குருவிகள் இறங்கின.
தல்லெ கவணை என் கையில் திணித்தாள்.
மூன்று வருடம் குறுக்குவில் பிடித்த கை,
ஒரு கல்கூட
எதன் மேலும் படவில்லை.