தவறியவை

ஊட்ரம் ரோடு ஜெயில் மதிலுக்கு
வெள்ளையடிக்கக் கூப்பிட்டார்கள்.
வாளிக்கு ஆறு காசு.
முதலில் ஓட்டைகளை அடைக்கணும்.

கட்டைவிரலால் சுண்ணாம்பைத் திணித்தேன்.
சில என் தலைக்கு மேலே,
சில முழங்கால் உயரத்தில்.
சுட்டவர்களுக்குக் கை நடுங்கியிருக்கிறது.
எண்ணாதே என்றான் மேஸ்திரி சவரிமுத்து.
அறுபத்திரண்டில் நிறுத்தினேன்.

இதெல்லாம் குறி தவறியவை.
தவறாதவை
சுவர்வரை வரவில்லை.

ஆட்டுக்கறியைக் குறைத்தார்களாம், பாலையும்.
கப்பல் எந்தச் சண்டைக்குப் போகிறதென்று
சிப்பாய்கள் கேட்டார்களாம்.
"பாலுக்காகவா ஒருத்தன் துப்பாக்கியைத் திருப்புவான்?"
காப்பிக்கடையில் சிரித்தார்கள்.
பதில் வராத நாள்களை
எந்தப் பேரேட்டில் எழுதுவது?

தெருவோடு போனவர்களையும் அவர்கள் சுட்டார்கள்.
பெயர் கேட்டா சுட்டார்கள்?
இதையும் சேர்த்துத்தான் பூசினேன்.

பிறகு உத்தரவு வந்தது:
இந்தியன் ஒவ்வொருவனும் வந்து பதியணும்.
செட்டி, சலவைக்காரன், மாட்டுவண்டிக்காரன்,
எல்லாரும் ஒரே வெயிலில்.

குமாஸ்தா என் கட்டைவிரலை மையில் அழுத்தி
காகிதத்தில் உருட்டினான்.
வெறும் கறுப்பு.
சுண்ணாம்பு ரேகையைத் தின்றிருந்தது.

"கையைக் கழுவிட்டு வா, அங்கமுத்து."

மூன்று தரம் கழுவினேன்.