காந்தம் கைவிடும் நிறம்

ஓட்டோவை விற்ற பிறகு
அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.
மணல் போட்டு மூடினேன்.
மறுகா, கல்முனையில் பழைய இரும்புக் கடைக்குப் போய்
முழ நீளத் தண்டவாளத் துண்டொன்றைக்
கிலோக் கணக்கில் வாங்கிவந்து
வேப்பங்குற்றியில் அறைந்தேன்.
"மருந்துக்கடை மிஸ்ஸுக்கு இது என்னத்துக்கு?"
"தட்ட."

லொறியின் வில்லுத் தகடு.
பொத்துவில் ரோட்டில் இருபது வருஷம்
நெல் மூட்டைக்குக் குனிந்த இரும்பு
சொன்னவுடன் நிமிராது.
சிரட்டைக் கரியும் மகளின் ஹெயார் ட்ரையரும்
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டின.

மருதமுனையில் தறிச் சத்தத்துக்கு யாரும் கோபிப்பதில்லை.
என் சுத்தியலுக்கு மட்டும்
மூன்றாம் வீட்டு ஜன்னல் திறந்தது.
சுலைஹாத்தா எட்டிப் பார்த்தா,
ஒன்றும் சொல்லாமல் சாத்திக்கொண்டா.

எனக்கு இடக்கை.
சாப்பிட வலக்கை பழக்கிவிட்டார்கள், எழுதவும்.
கத்தி மட்டும் பழகவில்லை.
கடைக் கத்திகள் ஒரு பக்கம் தீட்டியவை.
என் கையில் பாரை மீன் துண்டு
மேலே தடித்து அடியில் மெலியும்.
நாற்பத்தொரு வயதுவரை
குறை என் கையில் என்றே வெட்டிவந்தேன்.

முதல் கத்தியைத் தண்ணீரில் விட்டேன்.
டிங்.
மருந்துக் குப்பி வெடிப்பதுபோல் சின்னச் சத்தம்.
முதுகிலிருந்து அலகுவரை மயிரளவு கீறல்.
அதை முருங்கைக்கடியில் குத்திவிட்டு
மீதித் தகட்டை எடுத்தேன்.

பதத்துக்கு வந்த இரும்பு
காந்தத்தைக் கைவிட்டுவிடும். அதுதான் கணக்கு.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தைக்
கம்பியில் கட்டி நீட்டி நீட்டிப் பார்த்தேன்.
ஒட்டியது.
ஒட்டியது.
செவ்விளநீர்த் தோலுக்கு ஒரு படி கீழே
ஒரு நிறம் வந்தபோது
தெரியாத ஆளைப்போல் விலகியது.
அப்படியே தேங்காயெண்ணெயில் இறக்கினேன்.
வளவு முழுக்கப் புகை, வாசம்.
"என்ன புள்ள பொரிக்கிற?" மூன்றாம் வீட்டு ஜன்னல்.
"கத்தி."

கேக் அவணில் ஒரு மணித்தியாலம்.
சூடு மிதித்த வைக்கோலின் நிறத்தில் வெளியே வந்தது.
நப்ரீஸ் அடிமட்டத்தோடு வந்தார்.
ஆறங்குலம் என்றுதான் சோக்கால் கீறியிருந்தேன்.
தட்டத் தட்ட இரும்பு நீளும்.
எட்டில் நின்றது.
"ரெண்டை வெட்டிரு" என்றார்.
ஏனென்று அவர் சொல்லவில்லை,
நான் கேட்கவுமில்லை.

அந்த வருஷம் சோதனைக்கு வந்தவர்கள்
எங்கள் குசினிக் கத்தியை
மேசையில் வைத்துப் படம் எடுத்தார்கள்.
அதில் பிலாக்காய்ப் பால்கூடக் காய்ந்திருக்கவில்லை.
மரியாதையாகத்தான் துண்டு எழுதித் தந்தார்கள்:
கத்தி 01.
காந்தம் பிடித்திருந்தது அதைத்தான்.

இரும்பறுக்கும் வாளை அலகில் வைத்து இழுத்தேன்.
வழுக்கியது.
நப்ரீஸும் முழங்கால் போட்டு அழுத்திப் பார்த்தார்.
வாளின் பல்தான் போனது.
இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.
பிறகு அவர் தேத்தண்ணி வைக்கப் போனார்.

பிடிக்குக் கட்டை
சுலைஹாத்தா வீட்டுத் தறியின் ஒடிந்த மிதிபலகை.
"பகல்ல தட்டாத, நான் தூங்கோணும்" என்று
வேலிக்கு மேலால் எறிந்தா.

சனிக்கிழமை பாரை வாங்கினோம்.
துண்டுகள் நேரே விழுந்தன.
தலைமாட்டுத் துண்டை விரலில் அளந்தேன்,
மேலும் கீழும் ஒரே கனம்.
பூனைக்கு வாலைப் போடவும் மறந்து
இன்னொரு துண்டு வெட்டினேன்.

நெருப்புக் கண்ட காந்தம் அதன்பிறகு
அந்தத் துண்டைப் பிடிக்கவில்லை.
இரண்டு தரம் தரையிலிருந்து எடுத்து வைத்தேன்.
மூன்றாம் தரம் லாச்சிக்குள் போட்டேன்.

ஷைமா வெங்காயம் நறுக்க வந்தாள்.
இரண்டு வெட்டில் முகம் சுளித்தாள்.
"உம்மா, இது கோணலாப் போகுது."

"ஓம்" என்றேன்.
"அது எண்ட கைக்கு."