இரண்டே முக்கால்

பெல்ட் அதிகமாகிவிட்டது. என் முதல் குறை அதுதான்.
தாம்பூலப் பை மாதிரி
வந்தவன் போனவன் இடுப்பிலெல்லாம் ஒரு தங்கத் தகடு.
அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தால்
இருபது நிமிடம் மைக்கைப் பிடித்துப் பேச்சு,
நாலு நிமிடம் சண்டை,
அதற்குள்ளும் ஒரு சிமென்ட் விளம்பரம்.

முன்பெல்லாம் முடிவடி என்று ஒன்று இருந்தது.
வாங்கினால் எழுந்திருக்கக் கூடாது, அது மரியாதை.
இப்போது அதையே மூன்று முறை வாங்கிக்கொண்டு
இரண்டே முக்காலில் தோளைத் தூக்குகிறான்.
முதல் தடவை கட்டில்மேல் ஏறி நின்று கத்தினேன்.
பதினோராம் தடவை
தோசையைத் திருப்பப் போய்விட்டேன்.

வில்லனுக்கும் வெட்கம் வந்துவிட்டது.
ஊரைக் கெடுத்துவிட்டு, போகும்போது
குழந்தைகளுக்குக் கை கொடுக்கிறான்.
மனதார வெறுக்க ஓர் ஆள் கிடைக்காமல்
நான் எங்கே போவேன்?

லிங்கராஜபுரம் போனேன்.
மேம்பாலத்துக்குப் பின்னால் ஒரு சர்ச் ஹால்,
டிக்கெட் நூற்றைம்பது, டீ தனி.
ரிங் கயிற்றுக்குத் தோட்டத்துப் பச்சைக் குழாய் சுற்றியிருந்தது.
பலகையில் யார் விழுந்தாலும்
மேலே தொங்கிய நட்சத்திரம் ஆடியது,
போன கிறிஸ்துமஸுக்குக் கட்டியது.

அங்கேதான் கோலார் காட்டேரி.
முகமெல்லாம் சைனைடு மேட்டுச் சாம்பல் என்றான்.
மூன்றாம் வரிசைவரை பவுடர் மணத்தது.
'எங்க ஊருத் தங்கத்தத் தின்னுட்டு
இப்பக் குடிதண்ணிக்கு
லாரி பின்னாடி ஓடுற ஊருடா இது'
என்றானே பார்க்கலாம்,
ஹாலே எழுந்து நின்றது.
பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.
என் கையிலிருந்த டீ கப் பறந்து
அவன் காதில் பட்டது.
பல வருடம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை, எட்டாம் எண் டோக்கன்.
மகிமைராஜ், வயது முப்பத்து நாலு, சாம்பியன் ரீஃப்.
பிறந்த ஊர்ப் பெயரிலேயே பட்டம் இருக்கிறது,
இடுப்பில்தான் இல்லை.
இமையோரம் இன்னும் கரையாத மை.
எப்படி அடிபட்டது என்ற கட்டத்தில்
'பாத்ரூமில் வழுக்கி' என்று எழுதியிருந்தான்.
வாசல் பெஞ்சில் அவன் செருப்பையும் ஃபைலையும்
மடியில் வைத்துக்கொண்டு ஒருவன்.
சனிக்கிழமை மூலைக் கம்பத்தின் மேலிருந்து
இவன் நெஞ்சில் குதித்த அதே ரேவணசித்தன்.
'மாரிக்குப்பம் டிரெய்னுக்கு விட்டுடுவீங்களா மேடம்?'
என்று இரண்டு தரம் கேட்டான்.

எல்லாம் டிராமா என்பாள் ரிசப்ஷன் ஷைலஜா.
ஆமாம் ஷைலு, டிராமாதான். யார் இல்லையென்றது?
ஏழாவது விலா எலும்புக்கு
அதை யாரும் சொல்லவில்லை.

'கழுத்துச் செயினைக் கழட்டுங்க' என்றேன்.
சிலுவையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.
வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு:
'அந்த டீ கப், நான்தான்.'
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு காட்டேரியின் குரலிலேயே
'குறி சுமார்தான்' என்றான்.
சிரிக்கப் போய் வலித்து
பலகையைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன்.
மூச்சை இழுங்க. அடக்குங்க.
பத்தொன்பது வருடப் பழக்கம்,
மைக்கை அணைக்காமலே எண்ணிவிட்டேன் போல:
ஒன்று,
இரண்டு,

தோளைத் தூக்கிவிட்டான்.

படம் கலங்கிவிட்டது.
இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது.
அதற்கு நான் பில் போடவில்லை.