இரட்டை மேற்கோள்

சோஹார். இரவு ஷிஃப்ட்.
கடல் உள்ளே வருகிறது, குடிநீராகி வெளியே போகிறது.
நடுவில் எனக்கு வேலையில்லை,
அலாரம் அடிக்கும்வரை.

இந்தப் பம்ப்புகளுக்கென்றே ஒரு மொழி இருக்கிறது.
எழுதிக்கொடுத்த கம்பெனி திவாலாகி
மொழி மட்டும் மிச்சம்.
எந்த எடிட்டருக்கும் அதைத் தெரியாது.
ஆயிரத்து நானூறு வரி, எல்லாம் ஒரே வெள்ளை,
உப்பும் சர்க்கரையும் ஒரே டப்பாவில் கொட்டியதுபோல.

பொழுது போகாமல் விதி எழுத உட்கார்ந்தேன்.
எண்ணுக்கு ஆரஞ்சு.
இருந்தால், இல்லாவிட்டால், திரும்பு: இவற்றுக்கு நீலம்.
இரட்டை மேற்கோள் திறந்து மூடும்வரை சிவப்பு.
நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருவது மனிதப் பேச்சு,
இயந்திரம் படிக்காது. அதற்குப் பச்சை.
முதல் பச்சை:
'இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது. அர்செனியோ.'

முதல் பக்கத்தை ரசித்தபடி இருந்தேன்.
ஹமூத் கரக் டீயோடு வந்தான்.
"எங்கே நிறம்?" என்றான்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாம், பிறந்ததிலிருந்து.
பேனல் விளக்கைக்கூட
மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்றுதான் படிப்பானாம்.
ஆறு வருஷம் பக்கத்து நாற்காலி.
இன்றைக்குத்தான் சொல்கிறான்.

அழித்து மறுபடி எழுதினேன்.
கட்டளை தடித்த எழுத்து. பேச்சு சாய்ந்த எழுத்து.
மேற்கோளுக்குள் இருப்பதற்கு அடிக்கோடு.

கீழே உருட்டிக்கொண்டே போனவன் அவன்தான்.
"இந்தக் கோடு ஏன் நிற்கவில்லை?"
எழுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
யாரோ மூட மறந்த மேற்கோள்.
ஒன்பது வரி தள்ளி, யாரோ திறக்க மறந்த இன்னொன்று.
இரண்டு தவறும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு
இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

இடையில் சிக்கியிருந்தது:
மூன்று மணிக்கு வடிகால் வால்வை மூடு.
கட்டளை அல்ல, வெறும் சொல்.
இயந்திரம் அதை இரவுதோறும்
பதிவேட்டில் பிசகாமல் எழுதியிருக்கிறது,
செய்யவில்லை.

ஹமூத் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு ஐம்பது.
கைச்சக்கரம், பதினேழு சுற்று.
"அது என் வேலை என்றே நினைத்திருந்தேன்."

திருத்துவதற்குப் படிவம் உண்டு.
ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் மேலாளர் கையெழுத்து.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.
டீ ஆடை கட்டியது.

கோப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன்:
இந்த வால்வை ஹமூத் மூடுகிறான்.
அது உடனே சாய்ந்துகொண்டது.