கித்தான் கணக்கு

மேட்டிலிருந்துதான் ஜுரம் இறங்கி வந்தது என்றோம் நாங்கள்.
துறைமுகச் சேற்றிலிருந்து ஏறி வந்தது என்றார்கள் அவர்கள்.
ஆன்டிகுவாவில் அந்த ஆகஸ்டில்
படை இருந்த மேட்டுக்கும் கப்பல் நின்ற துறைக்கும் நடுவே
ஒரே ஒரு கழுதைப் பாதை.
இரு தரப்பும் அதில்தான் ஏறி இறங்கினோம்,
பெரும்பாலும் சவப்பெட்டிப் பலகையோடு.

முதலில் பலகை தீர்ந்தது.
கர்னல் கப்பலுக்குக் கடிதம் எழுதினார்.
கேப்டன் பதில் எழுதினார்.
'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று
மூன்று நாள் மாறி மாறிக் கையெழுத்திட்டதில்
பதினொரு பேர் போய்விட்டார்கள்.
நான்காம் நாள் என்னை அனுப்பினார்கள்.
பாய் தைப்பவன், ஜாகோ ட்ரெவென்னா.
இரண்டு சுருள் கித்தான், மெழுகு, ஆறு ஊசி,
உள்ளங்கைக்குத் தோலுறை.
நல்லெண்ணத்துக்காக எட்டுப் பீப்பாய்த் தண்ணீரும்.

தண்ணீரில் ஏதோ நெளிந்தது,
நறுக்கிப் போட்ட நூல் நுனிபோல.
துணியில் வடிகட்டிக் குடித்தோம்.
பீப்பாய்கள் மூடியில்லாமல் கிடந்தன
பாளையத்தின் நடுவே.

கூடாரம் தைக்கத்தான் வந்தேன்.
நோயாளிக்குக் காற்று வேண்டும் என்பது மருத்துவரின் கட்சி.
பகலில் கூடாரம் தைத்தேன்.
இரவில் மிச்சத் துணியில் மற்றதைத் தைத்தேன்.
ஒரு வாரத்தில் பகலுக்கும் அதே வேலை.

துவைத்த போர்வைகளைப் பெனிபா தலையில் சுமந்து வருவாள்.
குழந்தையிலேயே இந்தக் காய்ச்சலைக் கண்டவள்,
அதனால் தொடாது என்று அவளை வாடகைக்கு விட்டிருந்தாள் எஜமானி.
"சிவப்புச் சட்டையிலும் கறுப்பு வாந்தி,
நீலச் சட்டையிலும் கறுப்பு வாந்தி.
சோப்பு மட்டும் யாரும் அனுப்பவில்லை" என்றாள்.
கேப்டனிடம் சொல்கிறேன் என்றேன்.
சொல்லவில்லை.
படைக் கணக்கில் 'சலவை, ஆறு ஷில்லிங்' என்று ஒரு வரி.
அதுவும் எஜமானிக்கு.

ஒரு விடியலில் ஈனியாஸ் மக்ஃபீயைக் கொண்டுவந்தார்கள்.
கிறிஸ்துமஸ் அன்று ரம் கடையில்
என் முன்பல்லை உடைத்தவன்.
மஞ்சளாகிக் கிடந்தான், பழைய மெழுகுபோல.
காலிலிருந்து தைத்து வந்தேன்.
முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

"எங்கள் வழக்கத்தில்
கடைசித் தையல் மூக்கைத் துளைத்துப் போகும்.
உயிர் இருந்தால் கத்துவான்."

"படையில் அப்படிக் கிடையாது,"
என்றார் சார்ஜென்ட் மக்கில்வ்ரே.

"கித்தான் கப்பலுடையது."

அவர் பாதையைப் பார்த்தார், துறையைப் பார்த்தார்.
கழுதை ஒன்று எங்கோ சலிப்பாகக் கனைத்தது.
"சரி, போடு."
தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து
காதை அவன் வாயருகே வைத்துக்கொண்டார்.
வெகுநேரம் அப்படியே இருந்தார்.
நூலை அறுக்க எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை.

பிறகு நானும் விழுந்தேன்.
சிவப்புச் சட்டைகள் நால்வர் தூக்கிப்போய்
நான் தைத்த கூடாரத்திலேயே கிடத்தினார்கள்.
மேலே பார்த்தால் என் தையல்,
இரண்டு இடத்தில் கோணல்.
பக்கத்துத் துணியில் கரியால் யாரோ நாளெண்ணியிருந்தார்கள்:
ஏழு கோடு,
எட்டாவது பாதியில்.

அக்டோபரில் மழை விட்டது, காய்ச்சலும்.
கர்னலும் கேப்டனும் மேசையில் சேர்ந்து சாப்பிட்டார்கள்.
மறுநாள் கித்தான் யார் செலவு என்று
கடிதங்கள் மறுபடி தொடங்கின.
நானூறு கஜம் போனது,
திரும்பி வந்தது அறுபது.
மீதி எங்கே என்று எழுத்தர் கேட்டார்.
மேட்டின் பின்சரிவைக் காட்டினேன்.
'கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

வந்த அறுபதைப் பிரித்து, உப்புநீரில் அலசி,
முன்பாயில் ஒட்டுப் போட்டேன்.
கரி போகவில்லை.
துறையைத் தாண்டி முதல் காற்று பிடித்தபோது
பாய் புடைத்தது.
ஏழும் அரையும்
வளைந்து நின்றன என் தலைக்கு மேல்.
சுக்கான் பிடித்தவன் என்ன கணக்கு அது என்றான்.
படையுடையது என்றேன்.